பாபேல் செங்கல்லும் மயிலை மண்ணும்

மறைநூலுக்குச் சான்று தேடி அலைவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். அரராத்து மலையின் பனிக்கடியில் நோவாவின் பேழை கிடைத்துவிட்டதாம். செங்கடலின் அடியில் பார்வோனின் தேர்ச் சக்கரங்கள் பவளம் படர்ந்து கிடக்கின்றனவாம். தொடக்கநூல் கூறும் அரக்கருடைய எலும்புக்கூடு பாலைவனத்தில் அகப்பட்டதாம். நம் கீரப்பாளையம் வட்டாரத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளிவரும் இளைஞர் பலருடைய கைப்பேசியில் இவற்றுள் ஒன்றேனும் இருக்கும். மாலையில் அன்பியக் கூட்டம் கூடினால் அங்கும் இதே பேச்சு: “விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, இனி யார் மறுக்க முடியும்?” ஒருவகை வெற்றிப் பெருமிதத்தோடு இச்செய்திகள் கைமாறுகின்றன. நாம் அப்பெருமிதத்தில் பங்குகொள்ள மறுக்கிறோம். செய்திகள் பொய் என்பதற்காக மட்டும் மறுக்கவில்லை. இவை யாவும் மெய்யாகவே இருந்தாலும் மறுப்போம். ஏனெனில் இந்தத் தேட்டத்தின் அடியில் இருப்பது நம்பிக்கையின் வேடம் பூண்ட ஐயம்.

அந்த அரக்கர் எலும்புக்கூட்டின் கதையை முதலில் சொல்லிவிடுவோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பண்டைய யானையினம் ஒன்றின் எலும்புகளை அகழ்ந்தெடுக்கும்போது எடுக்கப்பட்ட ஒளிப்படம் அது. 2002இல் படங்களைத் திருத்தி ஒட்டும் ஒரு போட்டிக்காக, கனடா நாட்டுக் கலைஞர் ஒருவர் அக்குழிக்குள் மனித எலும்புக்கூட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பொருத்தினார். அவர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை, போட்டியின் நோக்கமே அதுதான். ஆனால் படம் உலகைச் சுற்றத் தொடங்கியது. ஓரிடத்தில் அது விவிலிய அரக்கர்களுக்குச் சான்றாயிற்று. நம் இந்திய நாட்டிலோ அதே படம் மகாபாரதத்துக் கடோற்கசனுக்குச் சான்றாயிற்று. 2007இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் இதழே வெளிப்படையாக மறுத்த பிறகும் அதன் பயணம் நிற்கவில்லை. ஒரே பொய் இரண்டு மறைகளுக்குச் சான்று கூறியது! எந்த மறைக்கும் சான்று சொல்ல வல்ல ஒரு பொருள் எந்த மறைக்கும் சான்றாகாது என்பதை எண்ணிப் பார்க்க இருதரப்பாருக்கும் நேரமில்லை.

இந்நோய் கைப்பேசியோடு பிறந்ததன்று. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசர்களும் மருத்துவர்களும் துறவியரும் தத்தம் மாளிகைகளில் தனியறை ஒதுக்கி அரும்பொருள்களைக் குவித்தனர். கூரையிலிருந்து பதப்படுத்திய முதலை தொங்கும். ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பென்று ஒரு வட கடல் திமிங்கிலத்தின் தந்தம் சுவரில் சாய்ந்திருக்கும். நம் கொல்லையில் காய்த்து விழும் தேங்காயின் ஓடு அங்கே வெள்ளிப் பூண் கட்டிய அதிசயக் கிண்ணமாக வீற்றிருக்கும். விருந்தினர் வருவர், வியப்பர், உடையவனின் செல்வத்தையும் கல்வியையும் புகழ்ந்து செல்வர். விந்தை அறைகள் என்று அவற்றை அழைப்போம். இன்றைய அருங்காட்சியகங்களுக்கு அவையே முன்னோடிகள். அறிவியல் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அவ்வறைகளில் விவிலியத்திற்கென்றும் இடமிருந்தது. மால்தா தீவில் பவுலடியாரைப் பாம்பு தீண்டிய நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகளில் படிக்கிறோம். அத்தீவில் கிடைக்கும் முக்கோணக் கற்களை, பவுல் சபித்துக் கல்லாக்கிய பாம்புகளின் நாக்கு என்று கூறி விற்றனர். நஞ்சை முறிக்கும் என்று நம்பி அரசர்கள் அவற்றைத் தம் உணவு மேசையில் வைத்தனர். அவை பண்டைச் சுறாமீன்களின் பற்கள் என்று 1616இல் இத்தாலியரான ஃபாபியோ கொலோன்னாவும், 1667இல் டென்மார்க்கு நாட்டவரான ஸ்டெனோவும் எழுதினர். இந்த ஸ்டெனோ பின்னர்க் கத்தோலிக்கராகி, ஆயராகி, 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலால் அருளாளராக உயர்த்தப்பட்டவர். பாம்பின் நாக்கைச் சுறாவின் பல்லென்று சொன்னதால் அவருடைய நம்பிக்கை குன்றிவிடவில்லை என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்வார்களாக.

எல்லாவற்றிலும் துயரமான கதை சூரிச் நகர மருத்துவர் ஷாய்க்சருடையது. நேர்மையானவர், பெரும் படிப்பாளி, பக்தர். ஓனிங்கன் என்னுமிடத்துக் கற்சுரங்கத்தில் கிடைத்த ஒரு பாறைப் படிவத்தில் தலையும் முதுகெலும்பும் தெரியக் கண்டார். நோவா காலத்து வெள்ளத்தில் மாண்ட பாவி ஒருவனுடைய எலும்புக்கூடு இது என்று முடிவுகட்டி, வெள்ளத்திற்குச் சாட்சியான மனிதன் எனப் பெயரிட்டு 1726இல் நூல் வெளியிட்டார். அந்த எலும்புகளைக் கண்டு இன்றைய தீயோர் மனந்திரும்ப வேண்டும் என்பதும் அவர் விருப்பம். ஏறத்தாழ நூறாண்டுகள் அப்பாறை புகழோடு வாழ்ந்தது. 1811இல் பிரெஞ்சு அறிஞர் குவியே, ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில் அதைக் கையில் வாங்கி, கல்லை மெல்லச் செதுக்கினார். உள்ளே மறைந்திருந்த முன்னங்கால்கள் வெளிப்பட்டன. அது பல்லி போன்ற தோற்றமுடைய பெரிய நீர்வாழ் விலங்கு, சலமாந்தர் என்பது அதன் இனம். பாவி மறைந்தான், சலமாந்தர் நின்றது.

ஷாய்க்சரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. அவர் காலத்து அறிவு அவ்வளவே. ஆனால் ஒரு கேள்வி கேட்போம். வெள்ளத்தின் கதையில் இறைவன் மனிதரோடு செய்துகொண்ட உடன்படிக்கை இருக்கிறது, வன்முறையால் நிறைந்த உலகின்மேல் அவர் கொண்ட மனவேதனை இருக்கிறது, வானவில் இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு முதுகெலும்பின்மேல் அக்கதையின் உண்மையை ஏற்றி வைத்தது ஏன்? முதுகெலும்பு முறிந்தபோது, அதைச் சார்ந்து நின்றவர்களுக்கு என்ன மிஞ்சியது?

நம் பகுதிக்கு மேற்கே அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கடல் நத்தைகளைப் போன்ற சுருள் படிவங்கள் கிடைக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்கு அடையாளங்கள் அவை. அவற்றில் ஒன்றை உயர்த்திக் காட்டி, நோவாவின் வெள்ளத்திற்கு நம் மாவட்டத்தின் அருகிலேயே ஆதாரம் இருக்கிறது என்று முழங்குகிறவர் இன்று எவரேனும் இருந்தால், அவர் ஷாய்க்சரின் தவற்றை அவரிடமிருந்த கல்வியின்றிச் செய்கிறார்.

புறச்சபையாரை மட்டும் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. ஷாய்க்சர் சீர்திருத்த சபையினர். நம் தரப்பிலோ உரோமை நகரில் இயேசு சபைக் கல்லூரியில் 1651 முதல் விளங்கிய விந்தை அறை உலகப் புகழ் பெற்றது. அதன் தலைவர் அத்தனேசியுஸ் கிர்ஹர் அடிகளார். பேசும் குழாய்களும் காந்தப் பொறிகளும் எகிப்தியத் தூண்களின் மாதிரிகளும் நிறைந்த அவ்வறையில், பாபேல் கோபுரத்தின் செங்கல் என்று ஒரு செங்கல்லும் இருந்தது. நோவாவின் பேழையைப் பற்றி 1675இலும் பாபேல் கோபுரத்தைப் பற்றி 1679இலும் அவர் பெருநூல்கள் இயற்றினார். பேழையில் எந்த விலங்கு எந்த அறையில் நின்றது என்பது வரை படம் வரைந்து காட்டிய அவரது உழைப்பைக் கண்டால் வியப்பும் வருகிறது, சற்றே சிரிப்பும் வருகிறது.

அச்செங்கல்லை அவருக்குக் கொடுத்தவர் பியேத்ரோ தெல்லா வால்லே என்னும் உரோமைப் பிரபு. 1616இல் மெசப்பத்தோமியா சென்ற அவர், பாபிலோன் நகர இடிபாடுகளில் ஒரு மேட்டைக் கண்டு, இதுவே பாபேல் கோபுரம் என்று கருதி அங்கிருந்து செங்கற்களை எடுத்துவந்தார். அந்த மேடு கோபுரமன்று. பெருங்கோபுரத்தின் அடித்தளத்தை அதே நகரில் வேறோரிடத்தில் செருமானிய அகழ்வாளர் கோல்டவே 1913இல் அகழ்ந்து ஆராய்ந்தார். ஆக, செங்கல் உண்மை, பாபிலோன் உண்மை, பெயர்ச்சீட்டு மட்டுமே தவறு. விந்தை அறையில் மதிப்பு முழுவதும் பெயர்ச்சீட்டுக்குத்தான். அதைக் கிழித்துவிட்டால் செங்கல் வெறும் செங்கல்.

ஆனால் தெல்லா வால்லேயின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. அதே 1616ஆம் ஆண்டு அவர் பாக்தாதில் சித்தி மானி என்னும் கீழைக் கிறித்தவப் பெண்ணை மணந்தார். 1621ஆம் ஆண்டின் இறுதியில் பாரசீகக் கடற்கரையில் நோயுற்று அவள் இறந்தாள். அந்நிய மண்ணில் அவளைப் புதைத்துவிட்டுச் செல்ல அவருக்கு மனம் வரவில்லை. உடலைப் பதனிட்டுப் பேழையில் வைத்து உடன் எடுத்துச் சென்றார். 1623, 1624ஆம் ஆண்டுகளில் அவர் நம் நாட்டின் மேற்குக் கரையில் கோவாவிலும் கள்ளிக்கோட்டையிலும் உலவியபோதும் அந்த உடல் அவரோடுதான் இருந்தது. பின்னர்ப் பாலைவனம் கடந்து, கடல் கடந்து, 1626இல் உரோமை சேர்ந்து, அடுத்த ஆண்டு அராச்சேலி ஆலயத்தில் தம் குடும்பக் கல்லறையில் அவளை அடக்கம் செய்தார்.

செங்கல்லைச் சுமந்த கையே மனைவியின் உடலையும் சுமந்தது. இரண்டும் ஒன்றா? செங்கல்லை அவர் மற்றவருக்குக் காட்ட எடுத்துவந்தார். அவளை எவருக்கும் காட்ட எடுத்துவரவில்லை. செங்கல் எதையோ மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவள் எதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. விந்தைப் பொருளுக்கும், நாம் திருப்பண்டம் என்றும் நம் பாட்டன்மார் அருளிக்கம் என்றும் சொல்லிவந்ததற்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எதையும் நாம் அறியோம். அருளிக்கம் அன்பின் எச்சம். நமக்கு வேண்டிய ஒருவர் இவ்வுடலில் வாழ்ந்தார், இவ்வுடலோடு உயிர்த்தெழுவார் என்று சொல்லி ஒரு கூட்டம் காத்து நிற்கிறது. 1563 திசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் புனிதரின் உடல்களுக்கு வணக்கம் செலுத்தலாம் என்று உறுதி செய்தபோது கூறிய காரணமும் இதுவே: அவ்வுடல்கள் கிறிஸ்துவின் உயிருள்ள உறுப்புகளாகவும் தூய ஆவியின் ஆலயங்களாகவும் இருந்தவை. எதையேனும் நிரூபிக்க அவை பயன்படும் என்று சங்கம் சொல்லவில்லை.

நடுகல் நட்டு வணங்கிய மண் நம்முடையது. மறைந்தவர் கிடக்குமிடம் நமக்கு வெறும் இடமாக இருந்ததில்லை. ஆகையால் திருத்தூதர் தோமையாரின் கல்லறை மயிலையில் எவ்வாறு போற்றப்பட்டது என்பதில் நமக்கு வியப்பில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கரைக்கு வந்த வெனிசு வணிகர் மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். திருத்தூதர் மரித்த இடத்துச் செம்மண்ணை வழிபடுவோர் எடுத்துச் சென்று, காய்ச்சல் கண்டவருக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்களாம். கிறித்தவர் மட்டுமன்றி இசுலாமியரும் அவரைப் பெரிதும் மதித்தார்களாம். 1693இல் அருளானந்தர் வெட்டுண்ட ஓரியூரின் செம்மண்ணை மடியில் முடிந்து வரும் நம் தாய்மாருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. அந்த மண்ணுக்குப் பெயர்ச்சீட்டு இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. நோயுற்ற குழந்தையின் நெற்றியில் அது பூசப்படுகிறது, தீர்ந்துபோகிறது. அருங்காட்சியகத்தின் கண்ணுக்கு இது பொருளை வீணடிக்கும் மூடத்தனம். நம் கண்ணுக்கோ அம்மண் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

தோமையாரை நினைக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சான்று கேட்டவர் அவர். ஆணியின் தழும்பில் விரலை இடவேண்டும் என்றார். சான்று தேடும் நம் நண்பர்கள் அவரைத் தம் கட்சிக்காரர் என்று எண்ணக்கூடும். ஆனால் ஆண்டவர் அவருக்கு என்ன தந்தார்? சிலுவையின் துண்டையோ ஆணியையோ கல்லறைத் துணியையோ அவர் கையில் கொடுக்கவில்லை. உயிருள்ள தம் உடலின் காயத்தைக் காட்டினார். தோமையார் உண்மையிலேயே தொட்டாரா என்பதை யோவான் எழுதவுமில்லை. காயத்தைக் கண்டவர் அதை அளந்து குறிப்பெடுக்கவில்லை, ஆண்டவரே என்று அறிக்கையிட்டார். பிறகு கடல் கடந்து நம் கரைக்கு வந்து இரத்தம் சிந்தினார் என்பது நம் மரபு.

இனித் தரங்கம்பாடிக்கு வருவோம். கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகச் சென்றால் அரைநாளில் போய்த் திரும்பிவிடலாம். 1706 சூலையில் சீகன்பால்கு அங்கே கரையிறங்கினார். அவரை அனுப்பிய இயக்கத்தின் தாயகம் செருமனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய அனாதை இல்லம். அவ்வில்லத்தில் 1698 முதல் ஒரு விந்தை அறை வளர்ந்து வந்தது. இன்றும் அது இருக்கிறது. 1995இல் பழைய வடிவிலேயே சீரமைத்துத் திறந்தார்கள். ஏறத்தாழ 3,000 பொருள்கள் அங்குள்ளன. அங்கும் கூரையில் முதலை தொங்குகிறது! எருசலேமையும் சாலமோனின் ஆலயத்தையும் செம்லர் என்பவர் மாதிரிகளாகச் செய்து பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அதே அறைக்கு நம் தமிழ்நாட்டுப் பொருள்களும் போய்ச் சேர்ந்தன. தரங்கம்பாடியிலிருந்தும், 1737இல் அந்த மறைப்பணி கிளை பரப்பிய கடலூர் போன்ற ஊர்களிலிருந்தும் எழுதிய மடல்களோடு, ஓலைச் சுவடிகளும் இந்து சமய உருவங்களும் கப்பலேறின.

அந்த அறையைப் பற்றி நன்றியோடும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் கறையானுக்கும் ஆற்று வெள்ளத்திற்கும் இரையான ஓலைகள் எத்தனை என்று எண்ணி மாளாது. ஹாலேயில் அவை பிழைத்திருக்கின்றன. இதை ஒப்புக்கொள்ளாமல் வெறும் குறை கூறுவது நேர்மையாகாது.

ஆயினும் ஒரு நிகழ்ச்சி நெஞ்சை உறுத்துகிறது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி, தமிழரிடம் கேட்டும் தமிழ் நூல்களைப் படித்தும் சீகன்பால்கு 1713இல் ஒரு பெரிய நூலை எழுதி முடித்து ஹாலேவுக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் மூடக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். 1867இல்தான், அதுவும் சென்னையில், அந்நூல் அச்சேறியது. 154 ஆண்டுகள்! தெய்வ உருவங்களுக்கு அங்கே அலமாரியில் இடமிருந்தது, அவற்றை வணங்கிய மக்களின் சொற்களுக்கு இடமில்லை. பொருள் வேண்டும், பொருளின் பொருள் வேண்டாம் என்பதுதான் விந்தை அறையின் இயல்பு. பேழையின் மரத்தையும் அரக்கரின் எலும்பையும் தேடும் நம்மவர் விவிலியத்தை நடத்துவதும் இவ்வாறே.

அருள்வாக்கு அச்சான வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி உண்டு. தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சிட்டு முடிந்தது. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. எதற்காக அச்சிட்டார்கள்? ஓலையில் எழுதினால் பலருக்குப் போய்ச் சேராது, தாளில் அச்சிட்டால் எளியவர் கையிலும் இருக்கும் என்பதற்காக. அப்பதிப்பின் ஒரு படி தஞ்சை அரசர் சரபோஜியிடம் சென்று, பின்னர்ச் சரசுவதி மகால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. 2005இல் அது காணாமற்போயிற்று. இலண்டனில் ஒரு கல்லூரியின் சேகரிப்பில் அது இருப்பதைக் கண்டுபிடித்திருப்பதாகத் தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது.

இதில் களவாடியவரைப் பழிப்பது எளிது. பழிக்கவும் வேண்டும். ஆனால் நமக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 2005க்கு முன்னர் அந்நூல் அங்கே இருக்கிறது என்று தமிழ்க் கிறித்தவருள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? காணாமற்போனபோது எத்தனை பேர் கவலைப்பட்டோம்? படிக்கப்படாமல் பார்க்கப்படும் நூல் விலை மதிக்கத்தக்க பொருளாகிவிடுகிறது. விலை ஏற்பட்டதும் கள்வனும் வாங்குபவனும் தாமே வருகின்றனர். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலின் நடராசர் கடத்தப்பட்டு, 2008இல் ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு, 2014இல் திரும்பி வந்த கதையும் இவ்வகையே. தில்லைக்கு அருகில் வாழும் நாம் அண்டை வீட்டாரின் அந்த வேதனையை உணரக் கடமைப்பட்டவர்கள். மாலையும் விளக்குமாக இருந்த ஒன்று கலைப்பொருளாகி நின்றது.

பெருஞ்செல்வர் இத்தவற்றைச் செய்யும்போது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வாசிங்டன் நகரம் எடுத்துக்காட்டு. அங்கே 2017இல் விவிலியத்திற்கென்றே ஒரு பெரும் அருங்காட்சியகம் திறந்தார்கள். சாக்கடல் சுருளின் துண்டுகள் என்று பெருந்தொகை கொடுத்து வாங்கி வைத்த 16 துண்டுகளும் போலி என்று 2020இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதை நிறுவிய குடும்பத்தின் வணிக நிறுவனமோ, ஈராக்கிலிருந்து கடத்திவரப்பட்ட ஆயிரக்கணக்கான களிமண் எழுத்துப் பொருள்களை வாங்கியதற்காக 2017இல் 30 இலட்சம் டாலர் தண்டம் கட்ட உடன்பட்டு அவற்றை ஒப்படைத்தது. மறைநூலைக் காப்பாற்றப் புறப்பட்டு, களவுப் பொருளை விலைக்கு வாங்கியதில் முடிந்தது.

இங்கே நம் நண்பர் ஒருவர் குறுக்கிடுவது காதில் விழுகிறது. “அப்படியானால் வரலாறே வேண்டாமா? நம்முடையது கட்டுக்கதை மதமா?” என்பார். வேண்டும், கட்டாயம் வேண்டும். 1961இல் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. 2004இல் எருசலேமில் சீலோவாம் குளத்தின் படிகள் வெளிப்பட்டன. இவற்றை நாம் மகிழ்ந்து வரவேற்கிறோம். இயேசு நடந்த தெரு எப்படி இருந்தது, பார்வையற்றவர் எந்தப் படியில் இறங்கிக் கண் கழுவியிருப்பார் என்று அறிய அவை உதவுகின்றன. ஆனால் பிலாத்துவின் கல் பிலாத்து இருந்ததைச் சொல்லும். அவன் முன் நின்றவர் யார் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் கல் எந்த அகழ்விலும் கிடைக்கப்போவதில்லை. கிடைத்தாலும், அக்கல்லின் பொருட்டு ஒருவன் தன் பகைவனை மன்னிப்பானா, தன் தெருவில் ஒதுக்கப்பட்டவனோடு உணவுண்பானா?

சிலுவை மரத்தைப் பற்றிய பழைய வழக்கும் இத்தகையதே. ஐரோப்பா முழுவதும் உள்ள துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கப்பலே நிறையும் என்று 1543இல் கால்வின் ஏளனம் செய்தார். நம் தரப்பில் 1870இல் ரோஓ தெ ஃப்ளூரி என்னும் பிரெஞ்சுக்காரர் துண்டுகளையெல்லாம் கணக்கிட்டு, அவை ஒரு சிலுவையின் சிறு பகுதிக்குக்கூடக் காணா என்று விடை கூறினார். நம்மவர் இதை இன்றும் வெற்றியாகக் கொண்டாடுகின்றனர். நமக்கு அதில் மகிழ்ச்சியில்லை. ஏளனம் செய்தவரும் கணக்கிட்டவரும் ஒரே தராசைத்தான் கையில் பிடித்திருந்தனர். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு அத்தராசு தேவைப்பட்டதேயில்லை. அந்தச் சிலுவை எங்கோ ஒரு தச்சர் பட்டறையில் செய்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

நம் மண்ணில் மறுப்புரைக்கு நல்ல மரபு உண்டு. நம் வட்டாரத்திற்கு மேற்கே, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் சபையாருக்கு விடையாக வேதவிளக்கம் முதலிய நூல்களை எழுதினார். அவர் கைக்கொண்ட படை தமிழ் உரைநடை. வளனாரின் வரலாற்றைச் சொல்ல வந்தபோது அவர் தேம்பாவணி பாடினார். வளனாருடைய உளியையோ இழைப்புளியையோ தேடிக்கொண்டு புறப்படவில்லை. அக்காலத்து வசைமொழிகளை நாம் இன்று பின்பற்ற வேண்டியதில்லை. தரங்கம்பாடிச் சகோதரரும் இப்போது நமக்கு அயலார் அல்லர்.

நம் இளைஞரைப் பற்றியே நாம் பெரிதும் கவலைப்படுகிறோம். பதினைந்து வயதில் பேழையின் படத்தை நம்பியவன் கல்லூரிக்குச் செல்கிறான். அப்படம் பொய்யென்று அங்கே ஒரு தோழன் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகிறான். படத்தோடு சேர்த்து மலைப்பொழிவையும் அவன் கீழே போட்டுவிடுகிறான். அவனுக்கு நாம் இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டிக் கொடுத்திருந்தோம். இப்படி நம் கையை விட்டுப் போன பிள்ளைகள் நம் பங்குகளில் உண்டு. அவர்களைப் பகுத்தறிவு கெடுத்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மறைக்கல்வி வகுப்பில் நாம் கொடுத்த போலிச் சான்று கெடுத்தது என்று யாரும் பேசுவதில்லை.

திருச்சபையின் ஒழுங்கு இதில் நம் பக்கமே நிற்கிறது. 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம், திருப்பண்டங்களைப் பேழைக்கு வெளியே எடுத்துக் காட்டவும் விற்கவும் தடை விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் விதி அவற்றை விற்பதை அறவே விலக்குகிறது. கணினித் திரையில் ஏலம் கூறுகிறவரிடம் வாங்கி வந்து வீட்டில் வைக்கும் நம்மவர் இதை அறிவார்களா? 1977இல் வந்த பீட நேர்ந்தளிப்புச் சடங்குநூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: ஐயத்திற்கிடமான திருப்பண்டத்தைப் பீடத்தின் அடியில் வைப்பதைவிட, திருப்பண்டமே இல்லாமல் பீடத்தை நேர்ந்தளிப்பது மேல் என்கிறது. திருச்சபை அதிகாரியின் சான்றிதழ் இல்லாத எதையும் மக்கள் வணக்கத்திற்கு வைக்கலாகாது என்று 2017 திசம்பரில் புனிதர் பட்டத்திற்கான பேராயம் மீண்டும் வலியுறுத்தியது. விந்தை அறையில் பெயர்ச்சீட்டு பொருளுக்கு விலை சேர்த்தது. இச்சான்றிதழ் பொருளுக்கு விலையே இல்லாமற் செய்கிறது. இன்னாருடையது, இன்னார் பொறுப்பில் உள்ளது, விற்பனைக்கன்று என்பதே அதன் சாரம்.

ஆகவே நம் பங்குப் பேரவைகளின் முன் சிலவற்றை வைக்கிறோம். விவிலியக் கண்காட்சி நடத்துங்கள். சாலமோனின் ஆலயத்தை அட்டையில் செய்து பிள்ளைகள் மகிழட்டும், ஹாலேயின் செம்லர் செய்ததும் அதுவே. ஆனால் பேழையின் படத்தையும் தேர்ச் சக்கரத்தையும் உள்ளே விடாதீர்கள். திருவிழாக் காலத்தில் திருப்பண்டம் பவனி வரும்போது, பேழையை முன்னும் பின்னும் திருப்பிப் படமெடுக்கும் கூட்டத்தை ஒழுங்கு செய்து, அப்புனிதர் யார், எதற்காக உயிர் கொடுத்தார் என்று பத்து நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள். பொருளறைப் பெட்டிகளில் கிடக்கும் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளையும், ஓரம் செல்லரித்த செபப் புத்தகங்களையும் கையெழுத்துப் பாடல் ஏடுகளையும் ஒரு நோட்டில் பட்டியலிடுங்கள். அவற்றில் நம் கொள்ளுப்பாட்டனாரின் பெயர் இருக்கிறது. அவை தொலைந்தால் எந்த நாட்டு அருங்காட்சியகத்தில் போய்த் தேடுவது?

உங்கள் ஆலயப் பீடத்தில் திருப்பண்டம் இருந்தால், அது யாருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பங்குத்தந்தையின் இரும்புப் பெட்டியில் அதன் சான்றிதழ் இருக்க வேண்டும், இலத்தீனில், ஆயரின் முத்திரையோடு. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதைக் கேட்டு வாங்கித் தமிழில் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லலாம். காணவில்லை என்றால் ஆயரகத்திற்கு எழுதச் சொல்லலாம்.